கோயிலுக்குப் பின்னால் குவித்து வைத்தவை

போன மாதம் வரை, சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை முருகனைக் கும்பிட்டுவிட்டு நான் நேரே வீட்டுக்கு வந்ததில்லை. பம்பாயில், செம்பூரில் படியேறிப் போகிற கோயில். இறங்கி வந்ததும் திருநீற்றுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் பிடிப்பேன். ஒரு வாரம் கிங்ஸ் சர்க்கிள், ஒரு வாரம் சுனாபட்டி. மடக்கு ஸ்டூல் போட்டு, மடியில் பலகை வைத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாராவது ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். யாரும் இல்லாவிட்டால் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"வாரா வாரம் எங்கதான் போற நீ?"

"படம் வரையுதவங்களத் தேடிப் போறேன்."

"ஒன்னய வரையச் சொல்லவா?"

"நம்ம தண்ணி ட்ரம்ம ஒருத்தர் வரைஞ்சாருல்லா. அந்தப் படத்த ஒரு தடவ பாக்கணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அது இப்பக் கிடைக்குமா" என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவள். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அவள் இதைப் படிப்பாளா என்று தெரியாது. ஆனாலும் அந்தக் கல்லியைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சந்து என்பதைத் தாராவியில் நாங்கள் எல்லோரும் கல்லி என்றுதான் சொல்வோம்.

எங்கள் கல்லியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிர்வாசலில் மைனி இருந்தார்கள். மைனி என்றால் அண்ணி, ஆனால் எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், அவ்வளவுதான். என் வாசலில் நின்று கையை நீட்டினால் அவர்கள் வாசலில் நின்று டம்ளரை வாங்கிக்கொள்ளலாம். என் ஜன்னல் கம்பியிலிருந்து அவர்கள் ஜன்னல் கம்பிக்கு ஒரு பச்சை நைலான் கயிறு. இரண்டு வீட்டுத் துணியும் அதில்தான் காயும். மழைத்தூறல் விழுந்தால் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். பிறகு சாயங்காலம் உட்கார்ந்து, இது உங்களுது, இது எங்களுது என்று பிரிப்போம்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரம். காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். யாருக்கு முதலில் முழிப்புத் தட்டுகிறதோ அவர் எதிர்க் கதவைத் தட்டுவார். "மைனி, தண்ணி வந்துட்டு." இல்லாவிட்டால், "ஏட்டி, தண்ணி வந்துட்டு, எந்தி." எல்லா ட்ரம்மும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் வெள்ளைப் பெயிண்டில் ஆளுக்கொரு அடையாளம் போட்டிருந்தோம். என்னுடையதில் வேல். மைனியுடையதில் மூன்று கோடு, திருநீற்றுப் பட்டை. என் ட்ரம்முக்கு மூடி உடைந்துபோய், ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து மேலே அரைச் செங்கல் வைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா வந்தார். பாலக்காட்டுக்காரர், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். தோளில் துணிப்பை, காலில் கேன்வாஸ் ஷூ. கல்லி முனையில் இருந்த பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கோயில் கமிட்டி அண்ணனிடம் பேசினார். அவர்கள் ஒரு கூட்டமாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பம்பாயில் ஏதாவது ஓரிடத்தில் கூடி, வெளியிலேயே உட்கார்ந்து, கண்ணால் பார்ப்பதை வரைவார்களாம். இந்த ஞாயிறு உங்கள் கல்லிக்கு வரலாமா என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நீங்க பாட்டுக்கு இருங்கோ. நாங்க ஓரமா உக்காந்து வரைஞ்சுண்டு போயிடறோம்" என்றார்.

விருந்தாளி வருகிறார்கள் என்கிறபோது ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள். அதிலும் எங்களுக்கு ஒரு பழைய வருத்தம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வருவார்கள், கூட ஒரு பையன் வழிகாட்டிக்கொண்டு வருவான். கேமராவைத் தூக்கி அவர்கள் எடுப்பதெல்லாம் சாக்கடையும் குழாயடியும்தான். எங்கள் பிள்ளையாரை ஒருவரும் எடுத்ததில்லை. இந்தத் தடவை நம்மவர் வருகிறார், சாமி கும்பிடுகிறவர். நாலு பேர் பார்க்கிற படத்தில் நம் கல்லி நன்றாக இருக்கட்டும் என்று மைனி சொன்னார்கள். அவர்கள் சொன்னால் கல்லியில் எல்லோரும் கேட்பார்கள்.

சனிக்கிழமை பெருக்கிக் கழுவினோம். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற தோல் பட்டறையிலிருந்து வெட்டுத் துண்டு மூட்டைகள் எப்போதும் கல்லியில் கிடக்கும், அதையெல்லாம் தூக்கினோம். கொடிக்கயிறுகளை அவிழ்த்தோம். மழைக்குக் கட்டியிருந்த தார்பாயைச் சுருட்டினோம். உடைந்த நாற்காலி, இரும்பு ஏணி, சைக்கிள், பழைய தகரம். எதைப் பார்த்தாலும் அசிங்கமாகத் தெரிந்தது. கடைசியில் ட்ரம்களையும் உருட்டினோம். எல்லாவற்றையும் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன இடத்தில் ஒன்றோடொன்று நெருக்கிக் குவித்தாயிற்று. சுவரில் சுண்ணாம்பு அடித்தோம். கிங்ஸ் சர்க்கிளில் இருந்து சாமந்திச் சரம் வாங்கி வந்து வாசலுக்கு வாசல் கட்டினோம். கலர்ப்பொடிக் கோலம் போட்டோம்.

"அம்மன் கொடைக்குக்கூட நீங்க இப்படிக் கழுவுனதில்ல" என்றார் என் வீட்டுக்காரர். ஒட்டடைக் கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை அவர்கள் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். கல்லி முனையிலேயே நின்றுவிட்டார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்ணிட்டேள்? இங்க ஒரு நீல ட்ரம் வரிசை இருந்ததே. அந்தப் பச்சைக் கயத்துல புடவை காஞ்சிண்டிருந்ததே."

மைனி கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். "அதெல்லாம் அசிங்கம்லா சார். ஒளிச்சு வச்சாச்சு. நீங்க தைரியமா வரைங்க."

மாமாவுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ட்ரம் வரிசைக்காகத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை. ஆனால் நல்ல மனுஷர்கள். ஒன்றும் சொல்லாமல் ஆளுக்கொரு ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே குரலில் தண்ணீர் கேட்டார்கள். தூரிகையைத் தோய்க்கத் தண்ணீர் வேண்டுமே. கல்லியில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. காலையில் வந்த தண்ணீரைப் பைப் போட்டுக் கோயிலுக்குப் பின்னால் கிடந்த ட்ரம்களில்தான் பிடித்து வைத்திருந்தோம். அவர்களில் ஒருவர், நரைத்த மீசை வைத்த மராட்டிக்காரர், பாட்டிலை வாங்கிக்கொண்டு நான் கொண்டு வருகிறேன் என்று போனார். அவர் திரும்பவில்லை. பிறகு வேறொரு பெண் போய் எல்லோருக்கும் எடுத்து வந்தாள்.

இங்கே எங்கள் ஆட்கள் போட்டோவுக்கு நிற்பதுபோல் ஆளுக்கொரு பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். மைனி பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வரைந்த பெண் காலேஜ் முடித்தவள் மாதிரி இருந்தாள். வெகுநேரம் கழித்துப் படத்தைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைச் சுவர், மஞ்சள் சரம், வெயில். நாற்காலியில் அரக்குக் கலரில் ஒரு இழுப்பு, மேலே மாநிறத்தில் ஒரு பொட்டு.

மைனி அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள், தூரத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"இதுல நான் எங்கட்டி?"

"அந்த அரக்குதான் மைனி நீங்க."

"மொகம்?"

"அந்தப் பொட்டு."

"இதுக்கா நான் மூக்குத்தி மாத்துனேன்?" என்றார்கள். கல்லியே சிரித்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வரைந்து முடித்ததும் அவர்களுக்கு ஒரு வழக்கம். எல்லாப் படங்களையும் சுவரோரம் தரையில் வரிசையாக வைப்பார்கள். வரைந்தவர்களும் அந்த இடத்துக்காரர்களும் சேர்ந்து சுற்றிவந்து பார்க்க வேண்டும். அந்த இடத்துக்காரர்கள் விரும்புகிற ஒரு படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். மாமா எங்களுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், கோயிலுக்குப் பின்னாலிருந்து அந்த மராட்டிக்காரர் வந்து தன் படத்தையும் வரிசைக் கடைசியில் வைத்தார்.

 நாங்கள் ஒளித்து வைத்த எல்லாம் அதில் இருந்தது. நீலம் நீலமாக ட்ரம்கள், சாய்ந்த ஏணி, சுருட்டின தார்பாய், கால் உடைந்த நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலே பச்சைக் கயிறு ஒரு சுருளாகக் கிடந்தது.

தண்ணீர் எடுக்கப் போனேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் என்று இந்தியில் சொன்னார், குற்றம் செய்தவர் மாதிரி.

மைனிக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரன் சாக்கடையப் படம் பிடிச்சான். இவரு நம்ம குப்பையத் தேடிப் போயிப் பிடிச்சிருக்காரு" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அந்தப் படத்துக்கு முன்னால் போட்டு, பட்டுப்புடவையோடு அதில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. நானும் அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சுண்ணாம்புச் சுவரும் சாமந்திச் சரமும் இருந்த ஒரு படத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அது பிள்ளையார் கோயிலில் மாட்டப்பட்டது. மராட்டிக்காரர் தன் படத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ட்ரம்களைத் திரும்ப உருட்டி வந்தோம். கயிற்றைக் கட்டினோம். மறுநாள் காலை தண்ணீர் வந்தது, கதவைத் தட்டினோம்.

அதற்கப்புறம் கல்லியை இடித்துக் கட்டப்போவதாக நோட்டீஸ் வந்தது, கூட்டம் நடந்தது, கையெழுத்துப் போட்டோம். புதுக் கட்டடம் எழும்புகிற வரைக்கும் வெளியே வாடகைக்கு இருந்துகொள்ளச் சொன்னார்கள். நாங்கள் செம்பூருக்கு வந்தோம். மைனி மகனோடு தூரத்தில் நாலாசோப்ராவுக்குப் போனார்கள். கல்லியை இடித்த அன்று நான் போகவில்லை. வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பிள்ளையாரை ஒரு ஷெட்டில் வைத்திருக்கிறார்கள். சங்கடஹர சதுர்த்திக்குப் போவேன். அந்தப் படமும் அங்கேதான் ஆணியில் தொங்குகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு அது யார் கல்லி என்றே தெரியவில்லை. வெள்ளைச் சுவர், பூ, கோலம். எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் யாரும் தண்ணீர் பிடித்த மாதிரியே இல்லை. கல்லி இருந்தவரையில் எங்களில் யாரும் வாசலை ஒரு போட்டோ எடுத்ததில்லை. பிறந்தநாள், கல்யாணம் என்று எடுத்ததிலெல்லாம் உள்சுவரும் கேக்கும்தான் இருக்கிறது. எங்கள் வாசல் சாமான்களை ஆசையாகப் பார்த்து வரைந்தவர் உலகத்தில் அந்த ஒருவர்தான்.

செம்பூர் வீட்டில் எந்நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது. முருகன் குறை வைக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் எனக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது. எழுந்து கதவைத் திறந்தால் நீளமான வராந்தா, சாத்தின கதவுகள். யாரையும் எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை. அப்படி ஒரு காலையில்தான், அந்தப் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இதையெல்லாம் சாமியிடம் கேட்கலாமா என்றும் நினைத்தேன். அவனிடம்தானே கேட்க வேண்டும்.

போன மாதம் சுனாபட்டி ரயில்வே கேட் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட் சாத்தியிருக்க, ஆட்டோக்களும் ஜனங்களும் காத்து நிற்பதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். மாமாவுக்கு உடம்பு தளர்ந்திருந்தது. என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. ட்ரம்மை ஒளித்து வைத்த கல்லி என்றேன்.

"ஐயோ, மறக்க முடியுமா? இன்னிக்கும் எங்க போனாலும் முன்னாடியே சொல்ல மாட்டோம். உங்க கல்லியில கத்துண்ட பாடம்."

வரிசையின் கடைசியில் மராட்டிக்காரர் இருந்தார், மீசை முழுக்க வெளுத்து. எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அன்றைக்கு ஒரு படம் வரைந்தீர்களே, கோயிலுக்குப் பின்னால். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். உங்களுக்கெல்லாம் கோபம் வந்துவிட்டதே என்றார். ஆமாம், வந்தது என்றேன். இப்போது பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, எங்கள் கல்லி இப்போது இல்லை என்றேன்.

படம் அவரிடம் இல்லை. அவர்கள் ஒரு ஹாலில் படங்களை மாட்டி எல்லோருக்கும் காட்டியபோது யாரோ ஆசைப்பட்டு வாங்கிப்போய்விட்டார்கள். யார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. நான் பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். முகம் தெரியாத ஒரு வீட்டின் ஹாலில், சோபாவுக்கு மேலே, எங்கள் ட்ரம்கள் தொங்குகின்றன. காபி குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பார்கள். எந்த ட்ரம் யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் போனை எடுத்து வெகுநேரம் தள்ளித் தள்ளித் தேடினார். கொடுப்பதற்கு முன்னால் எடுத்த ஒரு போட்டோ இருந்தது. என் போனுக்கு அனுப்பிவைத்தார். கேட் திறந்து, ஆட்டோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

விரலால் பெரிதாக்கினால் ஒன்றுமில்லை, வெறும் நீலம். சிறிதாக்கினால் ட்ரம்கள் திரும்ப வந்துவிடுகின்றன. வேலும் இல்லை, பட்டையும் இல்லை. அவர் உட்கார்ந்த பக்கம் அது தெரிந்திருக்காது. ஆனால் முன்னால் இருந்த ட்ரம்மின் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதன்மேல் செங்கல் நிறத்தில் ஒரு புள்ளி.

வீட்டுக்கு வந்ததும் மைனிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே போன் செய்தார்கள்.

"ஏட்டி, இது நம்ம குப்பைல்லா?"

"ஆமா மைனி."

"எங்கட்டி பிடிச்ச?"

சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்னால நிக்கது என் ட்ரம்மு" என்றார்கள்.

"அது எப்படி ஒங்களுதாவும்? தட்டு இருக்கு பாருங்க. செங்கல் இருக்கு."

"தட்டு யாரு குடுத்தா? ஒனக்கு மூடி ஒடஞ்சன்னைக்கு என் சோத்துத் தட்டத்தான எடுத்துத் தந்தேன்."

"தட்டு ஒங்களுது. ட்ரம் எங்களுது."

"என் தட்டு இருந்தா என் ட்ரம்முதான். இல்லன்னு சொல்லிப் பாரு."

இப்படியே போயிற்று. எது ஏணி, எது தகரம், தார்பாய்க்கு அடியில் தெரிகிற சிவப்பு யார் வீட்டு வாளி. அடுப்பில் பால் வைத்தது எனக்கு மறந்தே போயிற்று, வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் அணைத்தார். அவரும் குறுக்கே புகுந்து, சைக்கிள் என்னுது, அதுல சந்தேகமே வேண்டாம் என்று போனுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார். கல்லியை விட்டு வந்தபிறகு மைனியும் நானும் போனில் பேசியதெல்லாம் சுகமா, சாப்பிட்டாச்சா, சுகர் எவ்வளவு என்பதோடு நின்றுவிடும். அன்றைக்குத்தான் பேசினோம்.

கடைசியில் எனக்கே அலுத்துப்போய், "சரி மைனி, அது ஒங்க ட்ரம்மாவே இருக்கட்டும்" என்றேன்.



"என்ன நீ இப்படி விட்டுக்குடுத்துட்ட?" என்றார்கள். குரல் இறங்கியிருந்தது. "எதுத்த வாசல்ல இருந்தா விட்டிருக்க மாட்டல்லா."



"நேர்ல வாங்க மைனி. ஒக்காந்து பேசுவோம்."

"ரெண்டு வண்டி மாறணும்ட்டி. முட்டி கேக்க மாட்டுக்கு." பிறகு, "கார்த்திகைக்கு வாறேன். ரெண்டு பேரும் சேந்து முருகனப் பாத்துட்டு வருவோம். படியில கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ" என்றார்கள்.

அந்தப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். சாமி அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கிறேன். விளக்கேற்றுகிறபோது அந்த நீலம் கொஞ்சம் அசைவது மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், சாமிக்குப் பக்கத்தில் இது என்ன படம் என்று கேட்கிறார்கள். எங்கள் வாசல் என்று சொல்கிறேன்.

கார்த்திகைக்கு இன்னும் நாள் கிடக்கிறது.